சிற்றிலும் பேரிலும்

மணலைக் குவித்துச் சிறு வீடு கட்டி விளையாடுதல் தமிழ்க் குழந்தைகளின் மிகப் பழைய விளையாட்டுக்களுள் ஒன்று. அவ்வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். சங்கப் பாடல்களில் அது பேசப்படுகின்றது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் அது பேசப்படுகின்றது. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் அது ஒரு பருவமாகவே அமைந்துவிடுகின்றது. தாம் இழைத்த சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனை இரந்து நிற்பதே சிற்றிற் பருவம். அங்கே கட்டுவோரும் குழந்தைகள், குடிபுகுவோரும் குழந்தைகள், சிதைக்க வருபவனும் ஒரு குழந்தையே. பெரியோர் கட்டும் பேரில் அத்தகையதன்று. அதனைக் கட்டுவோர் பெரியோர். அதற்குள் நாளின் பெரும்பகுதியைக் கழிப்போரோ குழந்தைகள். பெரியோர் கண்ணுக்கு அழகாகவும் குழந்தையின் கைக்கும் காலுக்கும் இசைவாகவும் ஒரு வீடு அமைதல் கூடுமா என்னும் வினா, வசதி படைத்தோர் ஓய்வு வேளையில் எழுப்பும் வினாவாகத் தோன்றலாம். ஆனையிறவு போன்றதோர் ஊரில் அதன் பொருள் வேறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதி ஆனையிறவு. இருபுறமும் கடல் நீரேரி. அதன் ஓரத்தே உப்பளம். நடுவே யாழ்–கண்டி வீதியும் இருப்புப் பாதையும். யானைகளைக் கடத்திய துறை என்பதனாற் பெயர் பெற்ற இவ்விடத்தை ஆட்சியாளர் அனைவரும் ஒரு வாயிலாகவே கண்டனர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே ஒரு சிறு கோட்டை இருந்தது. அது பிற்காலத்தில் வழிப்போக்கர் தங்கும் வாடிவீடாகப் பயன்பட்டது. பின்னர் இராணுவ முகாம் எழுந்தது. 1991 இலும் 2000 இலும் 2009 இலும் இவ்விடத்துக்காகப் பெரும் போர்கள் நிகழ்ந்தன. வாயிலைக் காப்போர் கண்ணுக்கு வாயிலருகே குடியிருப்போர் புலப்படுவதில்லை. தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், பரந்தன், இயக்கச்சி ஆகிய அயலூர்களின் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது பலருக்கு எஞ்சியிருந்தவை ஒரு கிணறும் தலையிழந்த சில பனைகளுமே. தறப்பாளாலும் தகரத்தாலும் ஆகிய கொட்டில்களிலேயே அவர்களுடைய பிள்ளைகள் தவழ்ந்தனர், நடை பயின்றனர், அரிவரி எழுதினர்.

இந்திய அரசின் உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் 50,000 வீடுகளை அமைக்கும் திட்டம் 2010 இல் அறிவிக்கப்பட்டது. முதல் 1,000 வீடுகள் 2012 இல் நிறைவெய்தின. அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய இரண்டாங் கட்டத்தில் வீட்டுக்குரியவரே தம் வீட்டைக் கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேறுவதற்கேற்பப் பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு அறைகள், ஒரு கூடம், ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை என்பதே பெரும்பாலான வீடுகளின் அமைப்பு. விலைவாசி ஏறிய காலத்தில் அப்பணம் போதாமற் பலர் கடன்பட்டனர். தாலிக்கொடியை அடகு வைத்தோரும் உளர். ஆயினும் தறப்பாளின் கீழ் வளர்ந்த பிள்ளைகள் சுவருள்ள வீட்டில் உறங்கினர் என்பதை மறத்தலாகாது.

அப்பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். அவர்களுட் சிலர் தாமே இளம் பெற்றோர். வடபுலத்து வழக்கப்படி தாயின் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகச் சேர்கின்றது. எனவே உதவித் திட்டத்தில் எழுந்த அந்த 550 சதுர அடி இப்பொழுது இரண்டாந் தலைமுறையின் கைக்கு மாறுகின்றது. திருத்தமும் விரிவும் பெறுகின்றது. அத்தகைய ஒரு குடும்பத்தைக் கற்பித்துக் கொள்வது எளிது. கணவன் உப்பளத்திற் கூலி வேலை செய்பவன். மனைவி முன்பள்ளி ஆசிரியை. மூன்று வயதில் ஒரு மகனும் ஒன்பது மாதத்தில் ஒரு மகளும் அவர்களுக்கு உளர். வீட்டில் அம்மம்மாவும் இருக்கிறார். சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணம் கையில் இருக்கின்றது. வீட்டைத் திருத்த வேண்டும். கணவனுடைய விருப்பம் வீதியை நோக்கிய ஒரு போட்டிக்கோ, பளபளக்கும் தரையோடு, கூடத்துச் சுவரில் கண்ணாடி அலுமாரி. மனைவிக்கு விறாந்தையை நீட்ட வேண்டும். கிணற்றுக்குக் கட்டு வேண்டும். குசினிக்குள் உயர்ந்த அடுப்புமேடை வேண்டும். இருவருள் எவரையும் குறைகூற இயலாது. பத்து வயதில் அகதி முகாமில் வரிசையில் நின்ற ஒருவன் தன் வீடு வீதியிற் செல்வோர் கண்ணுக்கு நிமிர்ந்து தெரிய வேண்டுமென்று விரும்புதல் வெறும் ஆடம்பரம் அன்று. இழந்த மதிப்பை மீட்கும் முயற்சியும் அதில் உண்டு. எனவே அழகு வேண்டாம், வசதி போதும் என்று அவனுக்கு உபதேசித்தல் நேர்மையாகாது. எது அழகு என்பதே இங்குத் தீர்க்க வேண்டிய வழக்கு.

இவ்வழக்கு வடபுலத்தில் ஒருமுறை பகிரங்கமாகவே விசாரிக்கப்பட்டது. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை அமைக்க அரசு முனைந்தது. தொழிற்சாலையிற் செய்து கொணர்ந்து பொருத்தும் வீடுகள் அவை. ஒன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. மாதிரி வீட்டினுள் தளபாடங்களும் தொலைக்காட்சியும் கூட வைக்கப்பட்டிருந்தன. படத்தில் அது நாகரிகமாகவே தோன்றியது. ஆனால் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் பொதுமக்களும் வேறு வினாக்களை எழுப்பினர். இந்த வெப்பத்தில் உருக்குச் சுவர் எவ்வாறிருக்கும்? கடற்காற்றில் எத்தனை ஆண்டு நிற்கும்? அத்திவாரம் போதுமா? விறகடுப்பின் புகை எவ்வழி செல்லும்? பின்னொரு நாள் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட இயலுமா? அதே செலவில் இரண்டு கல்வீடுகள் கட்டலாமே என்றும் கேட்கப்பட்டது. திட்டம் நிறைவேறாமலே கைவிடப்பட்டது. கண்காட்சிக்கு வைத்த வீடு வேறு, வாழ்வதற்கு வைத்த வீடு வேறு என்பதை மக்கள் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர் என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

இன்னொரு முரணும் ஈண்டு நோக்கத்தக்கது. வன்னியில் இளங்குடும்பத்தார் நகரத்துப் பெட்டி வீட்டை நாகரிகமென்று விரும்பும் வேளையில், நகரத்துச் செல்வர் நெடுங்காலத்துக்கு முன்னரே முற்றத்துக்குத் திரும்பிவிட்டனர். ஜெஃப்றி பாவா 1960க்கும் 1962க்கும் இடையிற் கொழும்பில் ஈனா டி சில்வா என்னும் கலைஞருக்கு அமைத்த வீடு நடுமுற்றத்தைச் சூழ்ந்து ஓட்டுக் கூரையும் தூண் வரிசையுங் கொண்டது. இலங்கையின் புதிய கட்டடக் கலைக்கு அது முன்மாதிரியாயிற்று. அதன் மதிப்பு உணரப்பட்டமையாலேயே பிற்காலத்திற் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீளக் கட்டப்பட்டது. முற்றம், தூண், தாழ்ந்த இறப்பு, திறந்த விறாந்தை என்பனவெல்லாம் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டுக்குப் புதியன அல்ல. சார் ஒவ்வொன்றும் முற்றத்தை நோக்கியிருந்தமையால் அடுக்களையில் நிற்கும் தாய் தலையைத் திருப்பினாற் போதும், பிள்ளை கண்ணிற்படும். நாற்சார் வீடு செல்வர்க்கே உரியதாயிருந்தது என்பது உண்மை. ஆனால் வன்னியின் ஏழைக் குடிமனையிலும் சமையற் கொட்டில், படுக்கும் வீடு, மால் என்பன தனித்தனியே நின்று தமக்கிடையே மெழுகிய முற்றமொன்றைத் தாங்கியிருந்தன. கூரை வேறு, சுவர் வேறு. அமைப்பின் உட்பொருள் ஒன்றே.

வீடு அமைக்குமுன் குடியிருப்போரைக் கேட்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டிற் புதிதன்று. 1948 இல் பிரித்தானிய வேந்தியற் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராகி, அத்தகுதி பெற்ற முதல் ஆசியப் பெண்ணாக விளங்கிய மினற் டி சில்வா, 1950களிற் கண்டியை அடுத்த வட்டப்புலுவையில் அரசாங்க ஊழியருக்கான குடியிருப்பைத் திட்டமிட்டபோது, வீடு பெறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி அவர்தம் வாழ்க்கை முறையையும் தேவையையும் கேட்டறிந்தார். போற்றத்தக்க முயற்சி அது. ஆயினும் வினாக்கொத்தை நிரப்ப வல்லோர் எழுத்தறிந்தோரே. தவழும் பிள்ளை எந்தப் படிவத்தை நிரப்பும்? அதன் தேவைகளை வேறொருவர் எழுத வேண்டும். தமிழில் அவ்வாறு எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு எனலாம். அதுவே பிள்ளைத்தமிழ்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் தொட்டு நூற்றுக்கணக்கில் எழுந்த இந்நூல்களின் பருவ அமைப்பு புகழ்ச்சிக்காக வகுக்கப்பட்டதெனினும், குழந்தையின் உடல் எந்தக் காலத்தில் எதனைச் செய்ய விழைகின்றது என்பதை வரிசையாகக் கண்டு வைத்த நுண்ணிய நோக்கு அதில் அடங்கியுள்ளது. அவ்வரிசையை வீட்டுத் திட்டமாக வாசித்துப் பார்த்தல் பயனற்றதாகாது.

செங்கீரைப் பருவத்துப் பிள்ளை ஒரு காலை மடித்து, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகின்றது. அப்பருவத்தில் வீடு என்பது தரையே. சுவரின் நிறத்தையும் யன்னற் சீலையின் மடிப்பையும் பெரியோர் காண்கின்றனர். பிள்ளை காண்பது தரை. எனவே பணத்தை முதலிற் செலவிட வேண்டிய இடமும் தரையே ஆகும். மெருகேற்றிய பளிங்கு ஓடு நனைந்தவுடன் வழுக்கும். அழுத்தித் தேய்த்த சிவப்புச் சீமெந்துத் தரை கண்ணுக்கு இனியது, காலுக்குக் குளிர்ந்தது, அழுக்கைக் காட்டும், ஆனாற் கழுவுதற்கு எளியது. பாவா போன்றோர் தம் உயர்ந்த வீடுகளிற் விரும்பிப் பயன்படுத்தியதும் மெருகிட்ட சீமெந்துத் தரையே. ஆனையிறவில் இன்னொரு காரணமும் உண்டு. உப்பளத்தின் வெண்மையும் நீரேரியின் மினுக்கமும் நண்பகலிற் கண்ணைக் கூசச் செய்வன. வெளியே அத்துணை வெள்ளொளி இருக்கும்போது வீட்டினுள்ளும் வெண்ணிறத் தரை இடுதல் கண்ணுக்குச் செய்யும் உதவியன்று.

தாலப் பருவம் தாலாட்டுக்குரியது. ஈழத்தில் ஏணை கட்டுவர். தாயின் பழைய சேலையொன்றும் உறுதியான வளையொன்றும் இருந்தாற் போதும். பழைய வீட்டின் பனைமரத் தீராந்தி அதற்கு இடம் தந்தது; தட்டையான உட்கூரை தராது. கூரை வேலையின்போதே தகுந்த இடத்தில் ஓர் உறுதியான கொளுக்கியைப் பதித்துவிடின் சில நூறு ரூபாவில் அலுவல் முடியும். எந்த இடம் என்பதே கேள்வி. ஆண்டின் நடுப்பகுதியிற் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். ஆண்டின் இறுதியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். இரண்டும் எதிரெதிர் யன்னல்கள் வழியே ஊடறுத்துச் செல்லும் வழியில் ஏணை தொங்கினாற் பிள்ளைக்கு விசிறி வேண்டியதில்லை. மின்சாரம் நின்ற இரவில் இதன் அருமை புலப்படும்.

வருகைப் பருவத்திற் பிள்ளை நடந்து வருகின்றது. அந்நடையை அறைக்கு அறை உயர்ந்து தாழும் தரையும், கூடத்தையும் குசினியையும் பிரிக்கும் அரையடிப் படியும் இடறி விழுத்துகின்றன. வீட்டின் உட்புறம் முழுவதும் ஒரே மட்டமாக அமைதல் நன்று. ஆனால் வெளிவாசலில் உயர்வு வேண்டும். வன்னி பாம்புகள் மிகுந்த நிலம். தரையிற் பாய் விரித்து உறங்குவோரை இரவில் வந்து தீண்டும் எண்ணெய் விரியனை உலர்வலயத்து மருத்துவர் நன்கறிவர். ஆகவே உயர்ந்த அத்திவாரம், கதவின் கீழ் இடைவெளியற்ற நிலை, குழந்தை உறங்கச் சுவரோடு ஒட்டாத தாழ்ந்த கட்டில், அதன்மேல் நுளம்பு வலை என்பன ஆடம்பரங்கள் அல்ல. உள்ளே படி வேண்டாம், வாசலில் வேண்டும் என்று ஒரே பொருளை ஓரிடத்தில் நீக்கி மற்றோரிடத்தில் நிறுத்துவதே வீடமைப்பின் நுட்பம்.

நடக்கத் தொடங்கிய பிள்ளை எட்டிப் பார்க்கவும் தொடங்குகின்றது. யன்னலின் அடிமட்டம் மூன்றடி உயரத்திலிருந்தால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சுவரே. ஒன்றரை அடி உயரத்தில் அகன்ற குந்தோடு ஒரு யன்னலேனும் அமையின், பகலிற் பிள்ளையின் இருக்கையாகவும் மாலையில் அம்மம்மாவின் இருக்கையாகவும் அது பயன்படும். கம்பிகள் நெடுக்காக நிற்க வேண்டும். குறுக்குக் கம்பி பிள்ளைக்கு ஏணியாகிவிடும். நான்கங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. உப்புக் காற்றில் இரும்பு விரைவிற் துருவேறி, கூர்விளிம்பாகிக் கையைக் கிழிக்கும். ஆதலின் ஆனையிறவில் மரச்சட்டமே பாதுகாப்பு. கடைந்த மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும் யன்னல் கண்ணுக்கும் இனியது. உறுதியும் அழகும் ஒருங்கே அமையும் இத்தகைய இடங்கள் ஒரு வீட்டிற் பல உள.

அம்புலிப் பருவத்திற் பிள்ளையோடு விளையாட நிலவு அழைக்கப்படுகின்றது. நிலவை அழைக்க வானம் தெரிய வேண்டும். போட்டிக்கோவின் கொங்கிறீற்றுத் தட்டு வீட்டின் முன்புறத்து வானை மூடிவிடுகின்றது. அதே சீமெந்தையும் கம்பியையும் கொண்டு பக்கவாட்டில் விறாந்தையை நீட்டினால் வெயிலும் மழையும் தடுக்கப்படும். முற்றத்து வானமும் எஞ்சும். சிறுதேர்ப் பருவத்துக்கும் அவ்விறாந்தையே வீதி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையிற் கொட்டும் இந்நிலத்தில், அம்மூன்று மாதங்களும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தேர் ஓட்ட வேறிடம் இல்லை. சிறுபறைப் பருவமும் அங்கேயே நிகழட்டும். ஒன்பது மாதக் குழந்தை உறங்கும் அறைக்கு அப்பாலான முனையில் அச்சத்தம் ஒருவரையும் வருத்தாது. ஊசற் பருவத்துக்கு வேப்பமரம் ஒன்று போதும். ஆனால் வேம்பு வளரப் பல ஆண்டு செல்லும். எனவே அத்திவாரம் வெட்டும் நாளிலேயே அதனை நடுதல் வேண்டும்.

நீராடற் பருவம் கிணற்றடியை நினைவூட்டுகின்றது. திரும்பி வந்த குடும்பங்களை வரவேற்ற கிணறுகளுட் பல கட்டு இடிந்தவை. நிலமட்டத்தோடு வாய் திறந்து கிடக்கும் கிணறு சிறு பிள்ளையுள்ள வீட்டில் நாளெல்லாம் விழித்திருக்கும் அச்சம். இடுப்பளவு கட்டும் மேலே கம்பிவலை மூடியும் போட்டிக்கோவின் செலவிற் சிறு பகுதியே கொள்வன. ஆயினும் அவை வீதியிற் செல்வோர் கண்ணிற் படுவதில்லை, ஆகையாற் பிற்போடப்படுகின்றன. குசினியின் நிலையும் இதுவே. நிலத்து அடுப்பைச் சுற்றித் தவழும் பிள்ளைக்கும் கொதிக்கும் சோற்றுப் பானைக்கும் இடையில் ஒரு முழத் தொலைவே உண்டு. இடுப்புயர மேடையில் அமைந்த மண் அடுப்பு, அதன்மேற் புகைபோக்கி, குசினி வாயிலில் அரையளவு உயர்ந்த சிறு படலை என்னும் மூன்றும் அத்தொலைவை நீட்டுவன. படலை மூடியிருந்தாலும் தாய் பிள்ளையைக் காண்பாள். பிள்ளை தாயைக் காணும். முழுக்கதவு இவ்விரண்டையும் கெடுத்துவிடும்.

கண்ணாடி அலுமாரி பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. உடையும் பொருள்களைக் கண்ணாடியுள் அடுக்கி, அவற்றைத் தொடாதே என்று பிள்ளையை நாள் முழுவதும் தடுத்து நிற்றல் இருசாரார்க்கும் துன்பமே. மரியா மொன்டிசோரி 1907 இல் உரோம் நகரின் சான் லொறென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியபோது, பிள்ளையின் உயரத்துக்கேற்ற மேசையையும் கதிரையையும் தாழ்ந்த தட்டுக்களையும் அங்கே வைத்தார். பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அதனை எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கவும் பிள்ளை பழகும் என்பது அவர் கண்ட உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை இந்தியாவிற் கழித்த அவர், 1944 இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். அவருடைய மரபு இந்நாட்டு முன்பள்ளிகள் பலவற்றில் இன்றும் காணப்படுகின்றது. முன்பள்ளியில் தன் தண்ணீர்ப் போத்தலைத் தானே கொளுக்கியில் மாட்டும் பிள்ளை வீட்டில் ஒன்றையும் எட்ட இயலாது நிற்பது ஏன்? கூடத்துச் சுவரின் அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்குள் நீண்ட மரத்தட்டு ஒன்று. அதிற் பனையோலைப் பெட்டிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒருவகை விளையாட்டுப் பொருள். தட்டின் மேலே, பெரியோர் கையெட்டும் உயரத்தில், கண்ணாடிப் பொருளும் குடும்பப் படமும். அந்தி வேளையிற் பெட்டிகள் தட்டில் ஏறிவிட்டாற் கூடம் ஒழுங்கு பெறும். எந்த விருந்தினர் கண்ணுக்கும் அது அழகாகவே தோன்றும். பனையோலை இழைத்தல் அவ்வூர்ப் பெண்கள் நன்கறிந்த தொழில் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எஞ்சியிருப்பது சிற்றிற் பருவம். அதற்கு மண் வேண்டும். ஆனையிறவில் மிகக் கடினமானதும் அதுவே. போர் அரண்கள் நீண்ட காலம் நின்ற முகமாலை முதலிய பகுதிகளில் மண்ணுக்குள் மிதிவெடிகள் செறிந்து கிடந்தன. வெடியகற்றுவோர் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி விடுவித்த பின்னரே பல காணிகளிற் குடியேற்றம் இயன்றது. சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்த எச்சரிக்கையை எழுத்தறியுமுன்னரே படித்த பிள்ளைகள் இம்மண்ணில் வளர்ந்தனர். வேலிக்கு அப்பால் போகாதே, நிலத்திற் கிடப்பதை எடுக்காதே என்பனவே அவர்கள் கேட்ட தாலாட்டு. அதற்கு முன்னரோ வீட்டின் பாதுகாப்பான அறை பதுங்குகுழியாக இருந்தது. மண்ணுக்குள் ஒளியவும் மண்ணுக்கு அஞ்சவும் பழகிய ஒரு தலைமுறை, தன் பிள்ளையை மண்ணில் விளையாட விடத் தயங்குவது இயல்பே. முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடிவிட்டாற் சேறும் இல்லை, அச்சமும் இல்லை என்று அது எண்ணக்கூடும். வன்னியில் முற்றங்கள் கல்லாகி வருவதற்கு நாகரிக ஆசை மட்டுமே காரணம் என்று கொள்ளுதல் பொருந்தாது.

போரிலிருந்து மீண்ட இன்னொரு நகரின் அனுபவம் இவ்விடத்து உதவும். நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் 1947 இல் அல்டோ வான் ஐக் என்னும் இளங் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்தில் விளையாட்டிடம் ஒன்றை அமைத்தார். நகராட்சியின் பணியாகத் தொடர்ந்த அம்முயற்சியில் 1978 வரை 700 க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் எழுந்தன. போரில் வீடிழந்து வெறுமையாகக் கிடந்த மனைகளும் அவற்றுட் பல. அவற்றின் நடுவே பெரும்பாலும் ஒரு மணற்குழி. அதனைச் சுற்றி அகன்று தாழ்ந்த கொங்கிறீற்று விளிம்பு. பிள்ளைகள் மணலில் இழைப்பர்; தாயர் விளிம்பில் அமர்வர். வண்ணச் சித்திரமோ மிருக உருவமோ அங்கு இல்லை. எளிய வடிவங்களால் ஆகிய அவ்விடங்கள் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலையின் சிறந்த ஆக்கங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. வெறுமைப்பட்ட நிலத்தை முதலிற் குழந்தையின் கையில் கொடுத்தமையே அவற்றின் சிறப்பு.

ஆனையிறவு முற்றத்தில் அதற்கு வான் ஐக் வர வேண்டியதில்லை. குசினி யன்னலுக்கு நேரே, வேம்பின் நிழல் விழும் இடத்தில், ஆறடிச் சதுரம். சுற்றிலும் குந்தியிருக்கத்தக்க ஓரடிக் கட்டு. உள்ளே சலித்த மணல். இரவில் நாயும் பூனையும் அணுகாதிருக்க ஒரு கிடுகுத் தட்டி. மணலைத் தாயே சலித்து இட்டமையால் அதில் அச்சமில்லை. ஒரு நாள் வேலை அது, செலவும் சிறிதே. ஆயினும் தறப்பாளின் கீழ் வளர்ந்தவள் தன் பிள்ளைக்கு இட்ட மண் என்பதால் அதன் மதிப்பு வேறு.

இவ்வளவும் கேட்டபின் ஒரு தடை எழலாம். பிள்ளைப் பருவம் ஐந்தாறு ஆண்டில் முடிந்துவிடும். வீடோ ஐம்பது ஆண்டு நிற்கும். வளர்ந்து போகும் பிள்ளைக்காக நிற்கும் வீட்டை வளைப்பது தகுமா? தகும் என்பதற்கு வன்னியே சான்று. இடறாத சமதரை தவழும் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. போரிற் காலிழந்து பொய்க்கால் பூண்டு நடப்போர் பலர் வாழும் ஊரில் அது அவர்க்கும் உரியது. தாழ்ந்த குந்து முழங்கால் நோகும் முதியோர்க்கு உரியது. உயர்ந்த அடுப்புமேடை சூல்கொண்ட பெண்ணின் முதுகுக்கு உரியது. விறாந்தையில் இன்று தேர் உருட்டும் பிள்ளை நாளை அங்கேயே அமர்ந்து பரீட்சைக்குப் படிப்பான். வலிமை மிகக் குறைந்தவரை அளவுகோலாகக் கொண்டு அமைத்த வீட்டில் ஏனையோர் எவர்க்கும் இடமுண்டு. வலியோரை அளவாகக் கொண்ட வீட்டில் அவரும் ஒரு நாள் இடறுவர்.

ஆனையிறவுப் புகையிரத நிலையம் போரில் அழிந்து, பின்னர் பாடசாலைப் பிள்ளைகள் சேர்த்த பணத்தைக் கொண்டு மீளக் கட்டப்பட்டது. பெரியோர் இடித்ததைக் கட்டப் பிள்ளைகள் பணம் தந்தனர். பெரியோர் தம் வீட்டைக் கட்டும்போது பிள்ளைகளுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் ஒன்று உண்டென்று அந்நிலையத்தைக் கடந்து செல்வோர் நினைத்தல் கூடும்.

மேலே கற்பித்துக் கொண்ட குடும்பம் என்ன முடிவு செய்யும்? கணவனும் மனைவியும் வழக்காடி ஓய்ந்த ஒரு மாலையில் அம்மம்மா வாய் திறக்கலாம். தறப்பாளின் கீழ் பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

“பிள்ளையெண்டால் விழத்தான் செய்யும். விழுகிற இடம் மண்ணாய் இருக்கவேணும், அவ்வளவுதான்” என்பார்.

போட்டிக்கோ முழுவதும் கைவிடப்படாமல் வாசலுக்கு மேல் ஓட்டால் வேய்ந்த சிறு முகப்பாகச் சுருங்கலாம். கணவன் கேட்ட நிமிர்வு அதற்குள் அடங்கும். மிச்சப் பணம் தரைக்கும் கிணற்றுக் கட்டுக்கும் விறாந்தைக்கும் போகும். வீதியிற் செல்வோர் நின்று நோக்கின், மரச்சட்ட யன்னலையும் சிவந்த தரையையும் நீண்ட இறப்பின் நிழலையும் காண்பர். நல்ல வீடு என்பர். யன்னற் குந்து ஏன் அவ்வளவு தாழ்ந்திருக்கின்றது என்று அவர்கள் வினவமாட்டார்கள். அக்குந்தில் ஏறி நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையோ, முற்றத்து மணலில் தான் காலையில் இழைத்த சிற்றிலைத் தங்கை இன்னும் சிதைக்கவில்லையா என்று பார்த்துக் கொண்டிருப்பான்.